வாத்துக்கு எழுதிய சீட்டு

இரண்டு மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்த பெரியவர், போன மாதம் வீட்டுக்கு வந்த ஏழு வாத்துக்குஞ்சுகளுக்காகப் படுக்கையை விட்டு எழுந்தார். அதற்குப் பிறகு ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய அவருடைய மகள், "அப்பாவை என்னோட கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று அறிவித்தாள். அவள் குறித்த நாள் நாளைக் காலை. ஆக, இந்த வீட்டுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு பகல்.

அந்தப் பகல் நல்லபடியாகப் பிறக்கவில்லை.

கூட்டைத் திறந்ததும் ஆறு குஞ்சுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தன. ஏழாவது வரவில்லை. எப்போதுமே வரிசையின் வாலில் வருவதால் அதற்கு 'கடைசி பெஞ்ச்' என்று பெயர். இன்று அந்தக் கடைசி இடத்துக்குக்கூட வரவில்லை. கூட்டின் மூலையில் இரண்டு கால்களையும் பின்னால் நீட்டி, மார்பைத் தரையில் அழுத்திக் கிடந்தது. எழ முயன்றது. முடியவில்லை.

பெரியவர் சேறு என்றும் பார்க்காமல் மண்டியிட்டு உட்கார்ந்தார். நாற்பது வருஷம் மாவு பிசைந்த கை. இப்போது ஒரு டம்ளரைத் தூக்கினாலே ஆடுகிறது.

"எழுந்திருடா கண்ணு. எழுந்திரு ராஜா. தாத்தா கையைப் பிடிச்சுக்கோ."

"அதுக்குக் கை ஏதுப்பா பிடிச்சுக்க?" சமையலறை வாசலிலிருந்து மகளின் குரல் வந்தது. கையில் காபி டம்ளர். "நான் வந்த அன்னிக்கே சொன்னேன். வயசான காலத்துல இந்தச் சேறும் சகதியும் எதுக்கு? என்ன சொன்னீங்க நீங்க? 'இதுங்க நடமாடற வரைக்கும் நான் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்'னு சொன்னீங்க. இப்போ ஒண்ணு உக்காந்துடுச்சு. மீதியும் உக்காந்தா?"

பெரியவர் குஞ்சின்மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவர் தோள் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பியது.

கூட்டுக்குப் பக்கத்தில் நின்ற மருமகளுக்கு அந்தத் திரும்பல் ஏற்கெனவே தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு பேக்கரியில் ஒரு தட்டு ரொட்டி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. மகன், அதாவது அவள் கணவன், கோபமாகக்கூட இல்லை, அன்பாகத்தான் சொன்னான்: "போதும்ப்பா, இனிமே வேணாம்." அன்று இதே மாதிரி ஒரு தோள் திரும்பியது. திரும்பியது, இந்தக் குஞ்சுகள் வரும்வரை இரண்டு மாதம் அப்படியே கிடந்தது.

"நாளைக்குக் காலைலதானே பஸ், அண்ணி?" என்றாள் மருமகள். "இன்னிக்கு முழுசா இருக்கு." ரொட்டிக்கூடையில் ஒரு பழைய துண்டை விரித்துக் கடைசி பெஞ்சைத் தூக்கி வைத்தாள்.

"ஆஸ்பத்திரி வேலைக்கு யாரு போவா?"

"பத்தரைக்குத்தான் அங்கே அடுப்பு. இதை மாட்டு டாக்டர்கிட்ட காட்டிட்டு அதுக்குள்ள வந்துடுவேன்."

இந்த மருமகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைச் சமையற்கட்டில் நோயாளிகளுக்குத் தட்டு போடுகிறவள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சீட்டு வரும்: இவருக்கு உப்பில்லாமல், அவருக்குச் சர்க்கரையில்லாமல், இன்னொருவருக்குக் கஞ்சி மட்டும். சீட்டு இல்லாமல் அமைச்சரே வந்து கேட்டாலும் கரண்டியைத் தொடமாட்டாள். அதனால் அங்கே அவளுக்குச் 'சீட்டக்கா' என்றுதான் பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

கால்நடை மருத்துவமனையில் கூட்டமில்லை. டாக்டரம்மா குஞ்சைப் புரட்டிக் கால்களை நீட்டி மடக்கிப் பார்த்தார். பிறகு கழுத்துக்குக் கீழே, தீனிப்பை இருக்கும் இடத்தை இரண்டு விரலால் மெல்ல அமுக்கினார்.

"என்ன போடறீங்க?"

"நல்ல தீவனம்தான் டாக்டர். முட்டைக்கோழித் தீவனம். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

"கோழியும் இருக்கா?"

"அஞ்சு கோழி. எல்லாத்துக்கும் ஒரே தட்டு."

"ஒரே தட்டா!" டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். "முட்டை போடற கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து ஏராளமா வேணும். வளர்ற குஞ்சுக்கு அவ்வளவு கொடுத்தா சிறுநீரகம் தாங்காது. இதுக்கு வளர்தீவனம் போடணும். அதுவும் கோழிக்குஞ்சுக்குப் போடறது மட்டும் பத்தாது. பி வைட்டமின்ல ஒண்ணு வாத்துக்குக் கோழியைவிட ரொம்ப அதிகமா வேணும். அது குறைஞ்சா முதல்ல கால்தான் போகும். சரி, ரொட்டி போடறீங்களா?"

"எப்பவாவது... ஏதோ ரெண்டு துண்டு."

"எப்பவாவதா? இங்க தொட்டுப் பாருங்க."

சீட்டக்கா தொட்டுப் பார்த்தாள். விரலுக்குக் கீழே, பிசைந்து வைத்த மாவு உருண்டை போல மெத்தென்று அமுங்கியது.

"கோழி முட்டை எப்படி இருக்கு?"

"நாலஞ்சு நாளா ஓடு மெல்லிசா வருது. நேத்து ஒண்ணு ஓடே இல்லாம, வெறும் தோலோட."

"பாத்தீங்களா? அதுங்களும் ரொட்டியிலேயே வயித்தை ரொப்பிக்குது. நல்ல தீவனம் உள்ள போக இடம் எங்க இருக்கு?"

சீட்டக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "தினம் நூத்தி இருபது பேருக்குப் பத்தியம் பாத்துத் தட்டு போடறவ நான், டாக்டர். என் வீட்டுக் கொல்லையில இப்படி!"

"விளக்குக்குக் கீழேதான் இருட்டா இருக்கும்னு நான் சொல்ல வரலை," என்று சிரித்தார் டாக்டரம்மா. "கால் இன்னும் கோணலாகலை. இன்னிக்கே ஆரம்பிச்சா பிழைச்சுக்கும். இந்தச் சொட்டு மருந்தைத் தண்ணியில கலந்து கொடுங்க. இந்தப் பொடி ஈஸ்ட். சூட்டுல செத்துப்போன ஈஸ்ட்டு, பேக்கரியில மாவைப் பொங்க வைக்கிறது இல்ல. அந்த வைட்டமின் இதுல இருக்கு. கிலோ தீவனத்துக்கு அம்பது கிராம். ஆனா ஒண்ணு. ரொட்டி ஒரு துண்டு கூட உள்ள போகக் கூடாது."

சீட்டக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். கேள்வி இப்போது மருந்தில் இல்லை. ரொட்டியில் இருந்தது.

ரொட்டி போடுவது யார் என்று அவளுக்குத் தெரியும். பேக்கரியில் ரொட்டியைச் சதுரமாக வெட்டும்போது ஓரங்கள் விழும். அந்த ஓரங்களை ஒரு பையில் போட்டு மகன் தினமும் வீட்டுக்கு அனுப்புவான். பெரியவர் காலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஓரமாகக் கிள்ளிப் போடுவார். மாவை வீணாக்குவது அவருக்குப் பாவம். அதைவிட, அந்தக் கைகளால் இன்னும் யாருக்கோ சோறு போட முடிகிறது என்பதில்தான் அவருடைய பொழுதே ஓடுகிறது. அந்தக் கையைப் பார்த்து, 'மாமா, இனிமே வேணாம்' என்று எப்படிச் சொல்வது?

ஏழாம் வார்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவி தினமும் தலையணைக்கடியில் இனிப்பை ஒளித்துவைத்துவிட்டுப் போவாள். நர்ஸ்கள் திட்டினார்கள். அவள் அழுதாள். மறுநாளும் ஒளித்துவைத்தாள். சீட்டக்கா திட்டவில்லை. தட்டை அவள் கையிலேயே கொடுத்து, "நீங்களே ஊட்டுங்கம்மா" என்றாள். அன்றோடு தலையணை சுத்தமாகிவிட்டது. அன்புக்கு வேண்டியது தடை இல்லை, ஒரு வேலை. சரியான வேலை.

"கடவுளே," என்று அவள் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மனசுக்குள் சொன்னாள், "நாலு காலைக் காப்பாத்திக் கொடு. குஞ்சோடது ரெண்டு, மாமாவோடது ரெண்டு."

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து ஒரு பெரிய தகர பிஸ்கட் டப்பாவை இறக்கிப் பின்கட்டு வாசலில் வைத்தாள். கணவனுக்கும் போன் போட்டு மூன்று பேருக்கும் ஒரே செய்தி சொன்னாள்.

"குஞ்சுக்கு வயிறு சரியில்ல. இன்னிக்கு ஒரு நாள் நான் வச்ச தீவனம் தவிர எந்தப் பறவைக்கும் எதுவும் வேணாம். அதுங்களுக்குப் போடணும்னு எப்பெல்லாம் கை போகுதோ, அப்பெல்லாம் அதை இந்த டப்பாவுல போட்டுடுங்க. யாரும் யாரையும் பாக்க வேணாம். நான் வந்து திறக்கறேன்."

"எனக்கும் அந்த நாத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல," என்றாள் நாத்தனார். "நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கறது கிடையாது."

"அப்போ உங்களுக்குச் சுலபம், அண்ணி," என்று சொல்லிவிட்டுச் சீட்டக்கா வேலைக்குக் கிளம்பினாள்.

மூன்று மணிக்குத் திரும்பியபோது டப்பாவின் மூடி மூடவில்லை.

கணவன் அப்போதுதான் பேக்கரி வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தான். பெரியவர் முக்காலியில். நாத்தனார் வாசலில் சாய்ந்துகொண்டு. சீட்டக்கா செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தாள்.

குன்று போல் விழுந்தது.

வேலிக்குள் இருந்த கோழிகளில் மூத்தது, மேனேஜர் என்று பெயர் வாங்கியது, கழுத்தை நீட்டிக் குன்றைப் பார்த்துக் கொக்கரித்தது. தன் பங்கு ஏன் இன்னும் வரவில்லை என்று விசாரிப்பது போலிருந்தது.

"இந்த ஓரமெல்லாம் என்னோடது," என்றார் பெரியவர், குரல் இறங்கி. "கொஞ்சமாத்தான் போட்டேன்னு நெனச்சேன்."

"அந்த நாலு பன்னு நான்," கணவன் தலையைச் சொறிந்தான். "மத்தியானம் ரெண்டு, இப்ப ரெண்டு. வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் ரெண்டு தூக்கிப் போடுவேன். அதுங்க ஓடி வர்றதைப் பாத்தா மனசுக்குச் சந்தோஷமா இருக்கும்."

சீட்டக்கா தன் கைப்பையைத் திறந்தாள். உள்ளே காகிதத்தில் சுற்றிய காய்ந்த ரொட்டி இரண்டு துண்டு. சமையற்கட்டிலிருந்து கிளம்பும்போது கை தானாக எடுத்துச் சுற்றியிருந்தது. டாக்டர் சொன்ன பிறகும்! அவற்றையும் குன்றின்மேல் வைத்தாள். "இது நான். தினமும்."

பெரியவரின் பழைய பேக்கரித் தராசு கூடத்து மூலையில் இருந்தது. கணவன் அதைக் கொண்டுவந்து நிறுத்தான். ஒரு கிலோ இருநூறு.

"பன்னெண்டு பறவைக்கு ஒரு நாள் தீவனமே ஏறக்குறைய அவ்வளவுதான்," என்றாள் சீட்டக்கா.

பெரியவர் தன் கைகளைப் பார்த்தார். "என் கையாலயே..." என்றார். தோள் திரும்பத் தொடங்கியது.

சீட்டக்கா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "மாமா, இந்தக் குவியல்ல எந்தத் துண்டு அந்தக் காலை மடக்குச்சுன்னு பிரிச்சுக் காட்ட முடியுமா? முடியாது. மூணு பேரும் ஆசையாத்தான் போட்டோம். அளவு பாக்கலை, அவ்வளவுதான். அதை விடுங்க. எனக்கு ஒரு சந்தேகம். டாக்டர் ஈஸ்ட் கொடுத்திருக்காங்க. செத்த ஈஸ்ட்டாம். நம்ம பேக்கரியில இருக்கற ஈஸ்ட்டையே போட்டா என்ன? எல்லாம் ஒண்ணுதானே?"

தோள் நின்றது. பிறகு முழுதாக இந்தப் பக்கம் திரும்பியது.

"என்ன பேசற நீ? புத்தி கெட்டுப் போச்சா?" பெரியவரின் குரலில் பழைய அடுப்பின் சூடு. "அது உயிரோட இருக்கற சாமான்! ஈரமும் சூடும் கெடைச்சா பொங்கும். வயித்துக்குள்ள விட்டா அங்கேயே பொங்கிக் குஞ்சு ஊதிப்போகும். கொண்டா அந்தப் பொட்டலத்தை!"

பொட்டலத்தை வாங்கினார். பிரித்து முகர்ந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "ஆங். இது சரி. இதுல உயிர் இல்ல, சத்து இருக்கு. டேய், தராசை இங்க தள்ளு. கிலோவுக்கு எவ்வளவு சொன்னாங்க?"

"அம்பது கிராம்."

"அம்பதுன்னா அம்பதுதான். அம்பத்தஞ்சு இல்ல. நாப்பத்தஞ்சும் இல்ல."

கரண்டி நடுங்கியது. பொடி கொஞ்சம் சிந்தியது. "நான் பண்றேன்ப்பா" என்று மகன் வாயைத் திறந்தான். சீட்டக்கா அவன் காலை ஒரு மிதி மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது.

பெரியவர் முழங்கையை முக்காலியில் ஊன்றினார். சிந்தியதைத் துடைத்துவிட்டு மறுபடி அள்ளினார். முள் நடுவில் வந்து நின்றது.

"கை நடுங்கினா என்ன," என்றார், யாருக்கும் இல்லாமல். "தராசு நடுங்கலையே."

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கணவன் கோழிகளின் தட்டைக் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகையின் மேல் ஏற்றினான். மேனேஜர் தாவி ஏறி, அதிகாரமாக உட்கார்ந்து கொத்திப் பார்த்தது. ஆழமில்லாத தண்ணீர்த் தட்டுக்குப் பதில் ஒரு வாளியின் அடிப்பாகத்தை வெட்டி வைத்தார்கள், மூக்கு முங்குகிற அளவுக்கு. வாத்து ஒவ்வொரு வாய்க்கும் மூக்கை அலசிக்கொள்ளும், அதற்குத் தண்ணீர் தீவனத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தார். சீட்டக்கா இரண்டு அட்டைகளை வெட்டி மருத்துவமனைப் பாணியில் எழுதிக் கூட்டின்மேல் ஆணியில் மாட்டினாள்.

'கட்டில் ஒன்று. வாத்துக்குஞ்சு ஏழு பேர். வளர்தீவனம், ஈஸ்ட் பொடியுடன். நறுக்கிய கீரை. வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை.'

'கட்டில் இரண்டு. கோழி ஐந்து பேர். முட்டைத் தீவனம், பலகை மேல். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில். மேனேஜர் கேட்டாலும் கூடுதல் கிடையாது.'

"தயாரிப்பு யாருன்னு போடலையே?" என்றார் பெரியவர்.

கீழே எழுதினாள்: 'கலப்பது: பெரிய மாஸ்டர் மட்டும்.' பேக்கரியில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியவர் அந்த அட்டையை இரண்டு முறை படித்தார்.

"அந்த ரொட்டி?" என்றார் பிறகு. "தூக்கிப் போடறது பாவம் அம்மாடி."

"நல்லதை மட்டும் வெயில்ல காய வச்சுப் பொடிச்சு வைப்போம் மாமா. கால் சரியாகி, டாக்டரும் சரின்னு சொன்னா, வாரத்துல ஒரு நாள், ஆளுக்கு ஒரு சிட்டிகை. அதையும் நீங்கதான் அளக்கணும்."

குன்றைப் பிரிக்கும்போதுதான் அவள் கை நின்றது. பெரியவரின் ஓரங்களும் கணவனின் பன்களும் போக, அடியில் வேறொன்று கிடந்தது. காலையில் நாத்தனாருக்காக மேசைமேல் வைத்த வெண்ணெய் தடவிய ரொட்டி. ஒரே ஒரு கடி. அவளுடைய மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துவைத்த இரண்டு ரொட்டி, கடிக்காமலே. காபிக்குக் கொடுத்த பிஸ்கட்.

தலையை நிமிர்த்தினாள். வாசலில் நாத்தனார் இல்லை.

வெயில் சாயும் நேரத்தில், பெரியவர் கடைசி பெஞ்சுக்கு எதிரில் தட்டையும் தண்ணீரையும் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அது இரண்டு வாய் தின்றது. மூக்கை முக்கி அலசியது. மறுபடி தின்றது. பிறகு, தட்டு கொஞ்சம் தள்ளி இருந்ததால், காலை உள்ளே இழுத்தது. உடம்பு ஆடியது. எழுந்தது.

"ஒண்ணு," என்றார் பெரியவர், அடுப்பில் வைத்த தட்டுக்கு எண்ணுவது போல. "ரெண்டு. மூணு."

பொத்தென்று உட்கார்ந்தது.

"நின்னுச்சா?" பின்னாலிருந்து நாத்தனார் கேட்டாள். எப்போது வந்தாளோ.

"மூணு எண்ற வரைக்கும் நின்னுச்சு."

"மூணுதானே."

"காலைல அந்த மூணும் இல்லையேம்மா." பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு எட்டு மணி பஸ்தானே உனக்கு? எனக்கு ஏழு மணிக்குத் தீவனம் கலக்கணும். எட்டுக்குக் கோழிக்கு. நான் எப்படி வர்றது? அட்டையில என் பேரைப் போட்டுட்டாங்க. நீ போயிட்டு வா தாயி."

சீட்டக்கா ஒரு சண்டைக்குக் காத்திருந்தாள். பத்து நாளாக மல்லுக்கு நின்றவள் ஆயிற்றே.

நாத்தனார் சண்டை போடவில்லை. "சரிப்பா" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை. உள்ளே போய்விட்டாள்.

விளக்கேற்றும் நேரத்தில் சீட்டக்கா ஒரு தட்டில் சூடாகச் சாப்பாடு வைத்து மூடினாள். இன்னொரு அட்டையை வெட்டினாள்.

'கட்டில் மூன்று. ஒருவர். முழுச் சாப்பாடு. வாத்துக்குக் கொடுக்கக் கூடாது.'

நாத்தனாரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. வாசலில் தட்டையும் அட்டையையும் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தாள். பசிக்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒரு கொடுமைதான் என்று அவளுக்கு வார்டுகள் சொல்லிக்கொடுத்திருந்தன.

அரைமணி நேரம் கழித்துச் சமையலறைக்குப் போனபோது, தட்டு கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. அதன்கீழ் அட்டை. பின்பக்கத்தில் நாத்தனாரின் சாய்ந்த எழுத்து:

'நாளைக்கும் எழுது. அதுக்கு மறுநாளைக்கும்.'

எட்டு மணிப் பஸ்ஸில் போகிறவள் கேட்கிற சாப்பாடா இது? அப்பாவைக் கூட்டிப்போக வந்தவளுக்கு அங்கே வீடு இருக்கிறதா, இல்லையா? சீட்டக்காவின் நெஞ்சில் கேள்விகள் முட்டின. கதவைத் தட்டிக் கேட்டுவிடலாமா என்று இரண்டு அடி வைத்தாள். நின்றாள். முதல் நாள் ஒரு குஞ்சு மூன்று எண்ணும் வரைதான் நிற்கும். அதை நடக்கச் சொல்லி யாரும் விரட்டுவதில்லை.

திரும்பி வந்தாள். இன்னும் இரண்டு அட்டைகளை வெட்டினாள். பேனாவை எடுத்து, முதல் அட்டையில் நாளைய தேதியைப் போட்டாள்.